பின்னால் நடந்து வந்த ஆள் நான்தான்

காரமடைக்குப் பக்கத்தில் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டிப் பெருக்கி, அந்த லேத்தையே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாக ஒரு லேத், பிறகு ஒரு கொட்டகை, பிறகு தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனி என்று கட்டியவன் நான். கொடுமுடிப் பக்கம் காவிரிக் கரைத் தோட்டங்களில் என் மோட்டார் இன்றும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது. மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்கும் நிழற்குடை நான் கட்டியது. எங்கள் வீதிக்கு முதல் தெருவிளக்கு நான் அலைந்து வாங்கியது. ரங்கா என்று ஒற்றைச் சொல்லில் அதட்டிக் கூப்பிட்ட ஊர், ரங்கசாமீங்க என்று கூப்பிடும்படி ஆனதும் நானாகச் சம்பாதித்ததுதான். என் மகள் செல்வி கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மண்ணையும் தண்ணீரையும் ஆராய்ச்சி செய்கிறாள் என்றால் அதற்கு அஸ்திவாரமும் நான் போட்டது. தற்பெருமை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நாமாகச் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்வதில்லை என்பதை இந்தக் கட்டுரையை முடிக்கும்போது நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

இப்படிப்பட்டவனை, மகளோடு வந்து தங்கியிருக்கும் இந்த நாட்டில் தினமும் தூக்கிவாரிப் போட வைப்பது என் சட்டைப்பையில் கிடக்கும் போன். பல்கலைக்கழக வளாகத்துக்குள்தான் செல்விக்கு வீடு கொடுத்திருக்கிறார்கள். வளாகத்துக்குள் குடியிருக்கிற எல்லோர் போனுக்கும் சமூக அறிவிப்பு என்று ஒன்று வந்துகொண்டே இருக்கும். வடக்கு வாசல் படியில் பனி உறைந்திருக்கிறது, கைப்பிடியைப் பிடித்து இறங்கவும். நூலகத்தின் பின்புறம் நரி ஒன்று நடமாடுகிறது, அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம். மூன்றாவது விடுதியில் புகை, எல்லோரும் வெளியேறவும். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வரும்: யாரோ ரொட்டியைக் கருக்கிவிட்டார்கள், எல்லோரும் உள்ளே போகலாம். கடை, பஸ், சாப்பாட்டு அறை என்று எங்கே இருந்தாலும் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறும். எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து படிப்பார்கள். ஒரே நேரத்தில் நிமிர்வார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். நம் ஊரில் அறிவிப்பு என்றால் ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு ஓர் ஆள் வருவான். நாளைக்குத் தண்ணீர் வராது என்பான், கரண்ட் இருக்காது என்பான். வாசலில் நின்று ஆட்டோவை மறித்து, “ஏனுங், காத்தாலீங்களா, சாயங்காலமுங்களா?” என்று கேட்கலாம். அவனுக்கும் தெரியாது என்றாலும் ஏதோ ஒரு பதில் சொல்லிவிட்டுப் போவான். இந்தப் போனை மறித்து ஒன்றும் கேட்க முடியாது. அது சொல்லும், நாம் பயப்பட வேண்டும். அவ்வளவுதான்.

என் மனைவி காலமான பிறகு செல்விதான் பிடிவாதமாக என்னை இங்கே கூட்டி வந்தாள். மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். செல்வி காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். இங்கே குளிர்காலத்தில் இருட்டுவது என்றால் நாம் நாலு மணி டீ குடித்துக் கிளாஸைக் கழுவி வைப்பதற்குள் இருட்டிவிடும். கம்பெனியில் காலை முதல் மாலை வரை நின்றுகொண்டே இருந்த கால் இது, சோபாவில் நீட்டி வைத்தால் வீங்குகிறது. அதைப் பார்த்துத்தான் அவள், “வளாகத்துல பாதுகாப்பு வகுப்பு நடத்தறாங்கப்பா. குடியிருக்கறவங்க யாரு வேண்ணாலும் போலாம். சும்மா போயி உக்காந்துட்டு வாங்க” என்றாள். மாணவர் மன்றத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் வகுப்பு. நடத்துகிறவர் டெனீஸ் என்ற அம்மையார், பாதுகாப்பு அலுவலகத்தின் தலைமை அதிகாரி. நல்ல ஆகிருதி, உரத்த குரல். முதல் வகுப்பிலேயே தீயணைக்கும் சிலிண்டரை யார் இயக்கிக் காட்டுகிறீர்கள் என்று கேட்டார். நான் எழுந்து போய் ஊசியைப் பிடுங்கி, அடி நெருப்பைப் பார்த்து அடித்துக் காட்டினேன். ஃபவுண்டரியில் கொதிக்கிற இரும்புக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு அது என்ன பெரிய வேலை! எல்லோரும் கை தட்டினார்கள். “வெல் டன், ரங்கா!” என்றார் டெனீஸ். இங்கே அப்படிக் கூப்பிடுவதுதான் சிநேகம் என்று செல்வி பிறகு விளக்கினாள். விளக்கட்டும். கேட்ட அந்த நிமிஷம் எனக்குக் காரமடைத் தோட்டத்து வரப்புதான் ஞாபகம் வந்தது.

குளிர் தொடங்கிய மாதத்து வகுப்பில் டெனீஸ் ஒரு படம் போட்டுக் காட்டினார். வளாகத்துக்குள் ஓர் ஓடை போகிறது. அதை ஒட்டி நூலகத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒரு நடைபாதை. குழாய் பதிப்பதற்காக அந்தப் பாதையில் விளக்குக் கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள். பனிக்காலம் முடிந்துதான் திரும்ப நடுவார்களாம். ஆகவே யாரையும் அந்தப் பாதையில் தனியாக நடக்க விடாதீர்கள் என்றார். என் ஆங்கிலம் மோட்டார் மேல் அடிக்கிற பெயர்த்தகடு படிக்கிற ஆங்கிலம். மற்றதைக் கை அசைவிலும் படத்திலும் பிடித்துக்கொள்வேன். இது நன்றாகவே பிடிபட்டது. அடுத்ததாக, யாராவது உங்களைப் பின்தொடர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார். கூட்டம் இருக்கும் பக்கம் போ, போனில் கூப்பிடு, ஆளின் அடையாளத்தை மனதில் பதித்துக்கொள். நான் பலமாகத் தலையாட்டினேன். அப்படிப்பட்ட பொறுக்கிகளைக் கண்டுபிடித்து உதைக்க வேண்டும் என்பது என் எண்ணம். என் கவனமெல்லாம் முதலில் சொன்னதில்தான் இருந்தது. விளக்கில்லாத பாதை, ஓடை, தனியாக நடக்கிற பெண் பிள்ளைகள். இந்த வேலை எனக்குத் தெரியும். இந்த அறையிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

எப்படித் தெரியும் என்றால், என் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற பகுதியில் வேலை செய்ததெல்லாம் பெண்கள். செம்புக் கம்பியைப் பிசகாமல் சுற்றும் பொறுமை ஆண்பிள்ளைகளுக்கு வராது. கம்பெனியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக இருபுறமும் முள்வேலி போட்ட ஓர் இட்டேரி, குறுகலான மண் பாதை. வழியில் ஒரு பள்ளம், மழை பெய்தால் தண்ணீர் ஓடும். பள்ளத்து மேட்டில் ஒரு பிராந்திக் கடை. ஒரு நாள் வேலை விட்டுப் போகிற நேரத்தில் எவனோ ஒருவன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். மறுநாள் காயில் பகுதியில் பாதி இடம் காலி. ஒரு பெண்ணின் தாய் வந்து, “மொதலாளிங், நீங்க நல்லவருங். ஆனா எம்புள்ள ஊட்டுலயே இருக்கட்டுமுங்” என்று கும்பிட்டாள். போலீசுக்குப் போனேன். கம்பெனியை இருட்டுவதற்குள் வெளிச்சத்தோடு விடுங்கள் என்றார்கள். வெளிச்சத்தோடு விட்டால் மோட்டார் யார் செய்வது? அன்று மாலை நானே டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் கிளம்பினேன். அதிலிருந்து அந்த இட்டேரியில் தெருவிளக்கு வரும்வரை தினமும் போனேன்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. பெண் பிள்ளைகளோடு சேர்ந்து நடக்கக் கூடாது. பார்க்கிறவன் நாக்கு சும்மா இருக்காது. பேச்சுக் கொடுக்கக் கூடாது. முன்னால் போனால் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது. எனவே நன்றாகத் தள்ளிப் பின்னால் வர வேண்டும். டார்ச் வெளிச்சம் அவர்கள் காலடியில் விழும்படி பிடிக்க வேண்டும். பாம்பு பல்லி இருந்தால் தெரியும். ஆள் வருகிறேன் என்று தெரிவதற்கு அவ்வப்போது தொண்டையைச் செரும வேண்டும். அவர்கள் திரும்பினால் நாம் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் எட்டிப் போட்டால் நாமும் எட்டிப் போட வேண்டும். இத்தனையும் மரியாதை. அதற்குப் பிறகு ஒரு பெண்ணும் வேலையை விட்டு நிற்கவில்லை. பிராந்திக் கடைக்காரன் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பான்.

ஆகவே வகுப்பு முடிந்த மறுநாளிலிருந்து, மங்கிக் குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, மேல்கோட்டுக்கு மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த நீளமான டார்ச்சோடு நூலக வாசலில் போய் நின்றேன். செல்வியிடம் நடக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். செய்து முடித்த பிறகு சொல்வதுதான் என் வழக்கம். தனியாக ஒரு பெண் கிளம்பினால் தள்ளிப் பின்னால் போவேன். காலடியில் வெளிச்சம் அடிப்பேன். செருமுவேன். பஸ் நிறுத்தம் வந்ததும் திரும்பிவிடுவேன். சில பிள்ளைகள் வேகமாக நடந்தார்கள். குளிர் தாங்காமல் நடக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு நாள் சிவப்புக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். நான் முறைப்படி நின்று ஓடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் ஓடத் தொடங்கினாள். இருட்டில் தனியாகப் போய்விடக் கூடாதே என்று நானும் ஓடினேன். முட்டிவலியோடு, உறைபனியில், இந்த வயதில்! நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அவள் வழுக்கி விழுந்து எழுந்து, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். நல்லபடியாகப் பஸ் ஏற்றிவிட்டோம் என்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் செல்வி சீக்கிரம் வந்துவிட்டதால் நான் நூலகத்துக்குப் போகவில்லை. இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். இரண்டு போனும் ஒன்றாக அலறின. செல்வி எடுத்துத் தமிழில் எனக்குச் சொல்லிக்கொண்டே படித்தாள். ஓடைப் பாதையில் மாலை நேரத்தில் சந்தேகத்துக்குரிய ஒருவர் மாணவிகளைப் பின்தொடர்கிறார். ஒரு மாணவி தப்பி ஓடும்போது காயமடைந்திருக்கிறார்.

“எவன்டா அவன்?” என்றேன். “அந்தப் பாதையிலயா? நாளைக்கு நானே போயிப் புடிச்சுக் குடுக்கறேன் பாரு.”

செல்வி மேலே படித்தாள். வயதானவர். மாநிறம். பழுப்பு நிறக் கம்பளிக் குல்லா, கழுத்தைச் சுற்றி நீளமான துணி. மாணவிகளின் கால்களில் டார்ச் அடிக்கிறார். தொண்டையில் ஒரு விதமான சத்தம் எழுப்புகிறார். அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. கதவோரத்தில் மாட்டியிருந்த குல்லாவையும் சால்வையையும் பார்த்தாள். அதற்குக் கீழே மேஜையில் டார்ச் இருந்தது.

“அப்பா. இது நீங்கதானுங்கப்பா?”

“நானா? நானு தொணைக்கில்ல போனேன்!”

“தொணைக்குன்னு அவங்களுக்குத் தெரியுமாங்கப்பா?”

“இதையெல்லாம் வாயுட்டுச் சொல்லோணுமா அம்மணி? கெட்டது செய்யறவன் லைட்டு அடிச்சுக்கிட்டா வருவான்?”

“ஐயோ, அந்தப் புள்ள வுழுந்திருக்குதுங்கப்பா!” என்று மேஜையைத் தட்டினாள். என் மகள் என் எதிரில் மேஜையைத் தட்டியது அதுதான் முதல்தடவை. பிறகு குரலை இறக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். இந்த மாதிரி ஒருவர் மேல் புகார் வந்தால் வளாகத்துக்குள் நுழையத் தடை போட்டுவிடுவார்கள். “இந்த ஊடே வளாகத்துக்குள்ளதான இருக்குது? தடை போட்டுட்டா நீங்க இந்த ஊட்டுக்குள்ள கால் வெக்க முடியாது. என்ற வேலைய நீட்டிக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ற மாசமுங்கப்பா இது.”

“அப்படின்னா நானு ஊருக்கே போயிர்றேன்.”

“போயி? அங்க யாரு இருக்கறா?”

கம்பெனியை அண்ணன் மகன் பார்த்துக்கொள்கிறான். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. நான் கட்டியதெல்லாம் அங்கே இருக்கிறது, எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அப்போது எங்கள் வீதியில் பாதுகாப்பு அலுவலகத்து வண்டி ஒன்று விளக்கைச் சுழற்றிக்கொண்டு மெதுவாக வந்தது. செல்வி எழுந்து போய்த் திரையை இழுத்து மூடினாள். நான் சமையலறைச் சுவரை ஒட்டி நின்றுகொண்டேன். அப்படி நிற்கிறேன் என்பதே வண்டி போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் சிறுவனாக இருந்தபோது தோட்டத்தில் தேங்காய் குறைந்தது என்றால் முதலில் எங்கள் குடிசைப் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா அப்போது இப்படித்தான் சுவரை ஒட்டி நிற்பார். எடுத்தவர் அவர் இல்லை என்றாலும் நிற்பார். அந்தப் பார்வையிலிருந்து வெளியே வரத்தான் நான் இத்தனையும் கட்டினேன். விமானம் ஏறி இத்தனை தூரம் வந்தும் அந்தப் பார்வை எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

காலையில் நாமே அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிடுவோம், அவர்களாக வந்தால் கதை வேறாகிவிடும் என்றாள் செல்வி. எனக்கு ஒரு யோசனை வந்தது. சாட்சி வேண்டும். காயில் பகுதியைப் பல வருஷம் கட்டி மேய்த்த ருக்மணி காரமடையில் இருக்கிறாள். இங்கே சாயங்காலம் என்றால் அங்கே விடிந்துகொண்டிருக்கும். செல்வியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டேன். வாசல் தெளிக்கிற சத்தம் கேட்டது.

“ஏனுங் மொதலாளி, இந்நேரத்துல? ஒடம்புக்கு ஏதுங்களா?”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு இங்கிருந்து ஒரு ஆபீசரம்மா பேசுவாங்க, செல்வி கூடவே இருந்து தமிழ்ல கேப்பா. நானு உங்களுக்கெல்லாம் தொணைக்கு வந்தேன், நீங்க தைரியமாப் போனீங்கன்னு நீ சொல்லோணும்.” நடந்ததையும் சொன்னேன்.

அவள் சிரித்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “தைரியமாவா? மொதல் நாளு நாங்க என்ன பேசிக்கிட்டுப் போனோம்னு தெரியுமுங்களா? பிராந்திக் கடையில நிக்கறவனுங்களுக்குப் பயந்தது பாதி, உங்களுக்குப் பயந்தது பாதிங்.”

“எனக்கா?”

“பின்னென்னுங்? மொதலாளி லைட்டடிச்சுக்கிட்டுப் பொறத்தால வாராரு, வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. நின்னாத் தானும் நிக்கறாரு. மாடு செருமறாப்புல செருமறாரு. சின்னப் புள்ளைங்க ரெண்டு அழுதே போச்சுங். அப்பறம் நாந்தான் ஒரு நாளு நின்னு திரும்பிக் கேட்டேன், ஏனுங் எங்கீங் போறீங்கன்னு. ‘உங்கள பஸ் ஏத்தியுட்டுட்டு வாரேன், நீ பேசாம நட’ன்னீங். அப்பறந்தான் எங்களுக்கு உசுரே வந்துச்சு. மறந்துபோட்டீங்களாட்ட இருக்குது!”

மறந்துதான் போயிருந்தேன். இத்தனை வருஷமாக அந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அதில் ருக்மணி நின்று கேட்கிற இடம் வந்ததே இல்லை.

காலையில் போனோம். குல்லா, சால்வை, டார்ச் மூன்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். மறைக்க என்ன இருக்கிறது? டெனீஸ் என்னைப் பார்த்ததும், “ஹலோ ரங்கா!” என்று சிரித்தார். பையிலிருந்த மூன்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியைக் காட்டினார். நான் ஒரு வாக்கியம் சொல்ல, செல்வி அதை ஆங்கிலத்தில் சொல்ல, டெனீஸ் எழுதிக்கொண்டார். செல்வி ஆராய்ச்சிக் கூட்டங்களில் பேசும் குரலை நான் கேட்டிருக்கிறேன், அது இல்லை இது. இடம், முறை, இட்டேரி, பிராந்திக் கடை எல்லாவற்றையும் சொன்னேன். ருக்மணி சிரித்ததைச் சொல்லாமல் தாண்டப் பார்த்தேன். செல்வி தானாக அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். டெனீஸ் அந்த இடத்தில்தான் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வெளியே போய் யாரிடமோ போனில் வெகுநேரம் பேசினார். விழுந்த பெண் வர விரும்புகிறாள், உங்களுக்குச் சம்மதமா என்று வந்து கேட்டார்.

பெயர் கிளேர். தோழி ஒருத்தியோடு வந்து, கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதே சிவப்புக் கோட்டு. உள்ளங்கையில் கட்டு. அந்தக் கட்டைப் பார்த்த பிறகு நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சில் பாதி தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. செருமலாம் என்றால் அதற்கும் பயமாக இருந்தது. அவள் இரண்டே கேள்வி கேட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது ஏன் நின்றீர்கள்? மரியாதைக்கு என்றேன். நான் ஓடியபோது ஏன் ஓடி வந்தீர்கள்? நீ தனியாகப் போகக் கூடாதென்று என்றேன். செல்வி இரண்டையும் மொழிபெயர்த்தாள். நான் என் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டேன். “எங்க ஊருல ஒருத்தி நின்னு கேட்டா. நீ ஏன் கண்ணு கேக்கல?”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் நேராகப் பதில் சொன்னாள். “உங்கள் ஊர்ப் பெண்ணுக்கு உங்கள் பெயர் தெரியும். எனக்கு உங்கள் டார்ச் மட்டும்தான் தெரியும்.”

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் சொன்னது சரி. ருக்மணிக்கு என் பெயர் தெரியும், என் கம்பெனி தெரியும், நான் சத்தம் போட்டால் எப்படிப் போடுவேன், எதற்குச் சிரிப்பேன் என்று தெரியும். அதனால்தான் அவளுக்கு நின்று கேட்கத் தைரியம் வந்தது. ஊரில் எனக்கு முன்னால் என் பெயர் போகும், நான் பின்னால் போவேன். இங்கே பெயர் இல்லாமல் நான் மட்டும் போயிருக்கிறேன். பெயர் இல்லாமல் இருட்டில் நடந்தால் ஊரைக் காக்க வந்தவனும் திருட வந்தவனும் ஒரே அளவு நிழல்தான்.

முடிவு சொல்ல ஒரு குழு கூட வேண்டும், அதுவரை ஓடைப் பாதைப் பக்கம் போகாதீர்கள் என்றார்கள். அந்த நாட்களை எப்படிச் சொல்வது? போன் அலறும்போதெல்லாம் செல்வி என்னைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன். குளிர் கடுமையாகும். மான் ஒன்று சாலையைக் கடக்கிறது. சாப்பாட்டு அறை இன்று சீக்கிரம் மூடும். ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படித்த பிறகுதான் இருவரும் சோற்றில் கை வைத்தோம். நான் பெட்டியை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே தயாராக வைத்தேன். அவள் அதை எடுத்துப் பழையபடி பரண்மேல் வைத்தாள். நான் திரும்ப இறக்கினேன். அவள் திரும்ப ஏற்றினாள். ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நின்று கேட்காத பழக்கம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

கடைசியில் டெனீஸ் வீட்டுக்கே வந்தார். தடை இல்லை. செல்வியின் வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று வாயாலேயே சொன்னார். செல்வி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். டெனீஸ் ஒரு மஞ்சள் மேலங்கியை எடுத்து என் முன் வைத்தார். இருட்டில் பளபளக்கிற பட்டை போட்டது. ஓடைப் பாதையில் மாலை வேளையில் வேண்டுபவர்களுக்குத் துணை நடக்க ஆட்களைச் சேர்க்கப் போகிறோம், நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டார். நூலக வாசலில் நிற்க வேண்டும். பெயரைச் சொல்லி, கூட வரட்டுமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். செரும வேண்டியதில்லை என்று சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார்.

முதல் நாள் மாலை நின்றேன். பெயரை ரங்கா என்று சுருக்கிச் செல்வி சொல்லிக்கொடுத்த ஆங்கில வாக்கியத்தைச் சொன்னேன். ஒருத்தி வேண்டாம் என்றாள். இன்னொருத்தி வேண்டாம் என்று சொல்லவும் நிற்கவில்லை. மூன்றாவதாக வந்தது சிவப்புக் கோட்டு. கிளேர் என் முகத்தைப் பார்த்தாள். மேலங்கியைப் பார்த்தாள். பிறகு, “நீங்கள் முன்னால் நடங்கள். உங்களைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் வருகிறேன்” என்றாள். அது எனக்குத் தெரிந்த முறைக்கு நேர் எதிர். ஆனாலும் நடந்தேன். டார்ச்சை என் முன்னால் பிடித்துக்கொண்டேன். பின்னால் பனியை நொறுக்கிக்கொண்டு அவள் காலடி வந்தது. தள்ளி வந்தது; பிறகு கொஞ்சம் நெருங்கி வந்தது. என் முதுகுக்குக் காது முளைத்ததுபோல் இருந்தது. பின்னால் ஒருவர் வருவது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணுக்கு முன்னால் கனடாவின் ஓடை உறைந்து கிடந்தது. காதுக்குப் பின்னால் வந்த காலடியோ இட்டேரி மண்ணில் சரக் சரக் என்று நடக்கிற செருப்புச் சத்தமாக, வேலை விட்டுப் போகிற காயில் பகுதி முழுவதுமாகக் கேட்டது. திரும்பினால் இரண்டில் ஒன்று போய்விடும் என்று திரும்பாமலே பஸ் நிறுத்தம் வரை போனேன். “தேங்க் யூ, ரங்கசாமி” என்றாள். முழுப் பெயரையும் சொன்னாள். மேலங்கியில் தன்னார்வலர் என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. செல்வியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சந்தேகத்துக்குரிய நபர் என்று என் குல்லா, சால்வை, நிறம், தொண்டைச் சத்தம் வரை விவரமாகப் போட்டு எல்லோர் போனுக்கும் அனுப்பினார்கள். பிறகு, அந்த விஷயம் தீர்ந்தது, ஆபத்து இல்லை என்று ஒரே வரி அனுப்பினார்கள். நேற்று மூன்றாவதாக ஒன்று வந்தது. மாலைத் துணை நடை தொடங்கிவிட்டது. பாதுகாப்பு அலுவலகத்துக்கும் மாணவர் மன்றத்துக்கும் நன்றி. யோசனைக்குக் காரணமான சமூக உறுப்பினர் ஒருவருக்கும் நன்றி. உறுப்பினர் ஒருவராம்! டெனீஸிடம் நேரிலேயே கேட்டேன். தனிமனிதர் பெயரை அறிவிப்பில் போடுவதில்லை, அது உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்றார். பெயர் இல்லாததால்தானே அம்மா இத்தனையும் வந்தது என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். ருக்மணியிடம் சொன்னேன். “எம்பேரையும் போடச் சொல்லுங். நானு அன்னைக்குக் கேக்காம உட்டிருந்தா நீங்க இன்னமும் செருமிக்கிட்டேதான் வந்திருப்பீங்” என்கிறாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இங்கே நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள், அவர்களில் யாராவது இதை ஆங்கிலத்தில் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்லட்டும். சந்தேகத்துக்குரியவனாக எத்தனை போன்களில் நான் அலறினேனோ, அத்தனை போன்களிலும் ஒருமுறை அலற வேண்டும்: இந்தத் துணை நடையைத் தொடங்கி வைத்தவர் காரமடையில் பிறந்து பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் கம்பெனி கட்டிய ரங்கசாமி. எல்லோரும் குனிந்து படிக்க வேண்டும், படித்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்க வேண்டும். ருக்மணியின் பெயரையும் போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. என் பெயருக்குக் கீழே.